வரைபடத்தில் இல்லாத இரண்டு பாகங்கள்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை முதல் தாளில் என் கையாலேயே எழுதித் தந்துள்ளேன். வயது எழுபத்தொன்று. நூல் பதிப்பகம் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பக்தி நூல்களையும் பழைய செய்யுள் நூல்களையும் அச்சேறும் முன் மூலத்தோடு ஒப்புநோக்கித் தருவது என் பணி. தெருவில் என்னைப் ‘புரூஃப் ஐயா’ என்பார்கள். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். என் மனைவியின் தம்பி, வயது ஐம்பத்தாறு, நாற்காலி, சோபா ஆகியவற்றுக்கு மெத்தை கட்டி உறை தைக்கும் தொழில் செய்பவர், இரண்டு தெரு தள்ளி வசிக்கிறார். நான் அவரை ‘மாப்ளே’ என்று அழைப்பேன். அவர் என்னை ‘அத்தான்’ என்பார். இது அவருக்கு நேர்ந்ததைப் பற்றிய வாக்குமூலம். எவரும் அழைக்காமலும் வற்புறுத்தாமலும் இன்று புதன்கிழமை காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சென்ற ஆண்டின் இறுதியில், இடிக்கப்படவிருந்த ஓர் அரங்கத்தில் இருக்கைகளைக் கழற்றும் வேலைக்கு என் மைத்துனர் போயிருந்தார். மேடையின் இருபுறமும் இருந்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களை அங்கிருந்தோர் வேண்டாமென ஒதுக்கியதால், அவற்றைச் சுமைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். ஒவ்வொன்றும் என் மார்பளவு உயரம். “அத்தான், உங்க வயசுதான் ரெண்டுக்கும். தொண்டைதான் கட்டியிருக்கு, மத்தபடி ஆளு கல்லு மாதிரி” என்றார். என் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, “ஏன்டா, வீட்ல ஒரு கிழவர் போதாதா? இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கே?” என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். பணியில் இருந்த காலத்தில் பழைய பாடல்களை ஓதுவோரின் குரல்களை நான் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தேன். அவை நாற்பத்தொன்று. சிறிய பெட்டியில் போட்டுக் கேட்டால் சொல் கேட்கும், ஓதுபவரின் மூச்சு கேட்காது. அந்த மூச்சைக் கேட்க வேண்டும் என்பதே ஸ்பீக்கர்களை நான் ஏற்றுக்கொண்டதன் நோக்கம்.

அதன் பிறகு சுமார் நான்கு மாதங்கள் அவற்றைச் செப்பனிட்டேன். ஒலி எழுப்பும் காகிதக் கூம்புகள் மூன்று இடங்களில் கிழிந்திருந்தன. பதிப்பகத்தில் நைந்த ஏடுகளை ஒட்டிப் பழகியிருந்தமையால், மெல்லிய தாளை ஓரம் பிய்த்து, மாவுப் பசை தடவி, இருபுறமும் ஒட்டி ஒரு வாரம் நிழலில் உலர்த்தினேன். கூம்பைச் சட்டத்தோடு சேர்க்கும் துணி வளையம் மக்கிப்போயிருந்ததால், மைத்துனர் தம் கடையிலிருந்து மெல்லிய துணியை வட்டமாக வெட்டிக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தார். காந்தத்தின் இடுக்கில் இருந்த துருத்தூளை ஒட்டுநாடா சுற்றிய அட்டையால் எடுத்தேன். ஒரு சிறிய பேட்டரியின் முனைகளைக் கம்பிகளில் தொட்டு, இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் முன்னே வருகின்றனவா என்று பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே முன்னே வந்தன. மைத்துனர், “ரெண்டும் சேர்ந்து கும்பிடுது பாருங்க” என்றார்.

அதன் பிறகு, இவற்றை இயக்க எந்த ஆம்ப்ளிஃபயர் தகும் என்ற கேள்வி வந்தது. கடைத்தெருவில் ஒரு பெரிய மின்சாதனக் கடைக்கு இருவரும் போனோம். அங்கிருந்த விற்பனையாளர், “நூறு வாட்ஸ் எடுத்துக்கோங்க சார். கார் நூத்தம்பதுல போகும்னா அதுக்குன்னு நீங்க நூத்தம்பதுலயா ஓட்டுவீங்க?” என்றார். மைத்துனர் உடனே, “எங்க அத்தான் சைக்கிளையே தள்ளிட்டுத்தாங்க போவாரு” என்றார். கேட்டுப் பார்ப்பதற்காக அந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தேன். குரல் பெரிதாக வந்தது. ஆனால் ‘ச’ வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்துவது போல் இருந்தது. ஸ்பீக்கரின் பின்பலகையில் பதினைந்து வாட்ஸ், பதினாறு ஓம்ஸ் என்று பொறித்திருந்ததால், கை தவறிக் குமிழைத் திருப்பினால் நான்கு மாத வேலை கிழிந்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு, கண்ணாடிக் குழல் வால்வுகளில் இயங்கும் பழைய சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரைத் தேடிப் போனேன். அவரை எல்லோரும் ‘வால்வுக்காரர்’ என்றே அழைக்கிறார்கள். இப்போது இந்நிலையத்தின் பெஞ்சில் அமர்த்தப்பட்டிருப்பவர் அவரே. ஒரு சந்தின் கடைசியில், இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை அவருடையது. ஸ்பீக்கரின் விவரத்தை நான் சொன்னதும், “பெருசு சின்னதுங்கிறது அப்புறம் ஐயா. முதல்ல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்” என்று சொல்லி, பன்னிரண்டு வாட்ஸ் தரும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இறக்கிக் காட்டினார். அதில் பதினாறு ஓம்ஸுக்கென்றே தனி முனை இருந்தது. அதன் மூல வரைபடமும் உறையிட்ட தாளாக உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கண்டன்சர் எனும் பாகங்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினார். ஒப்படைக்கும்போது உள்ளே இருந்த, ரெசிஸ்டன்ஸ் எனும் இரண்டு சிறிய மின்தடைப் பாகங்களைச் சுட்டி, “ஆஃப் பண்ணாலும் உள்ள கரண்ட் நிக்கும் ஐயா. இது ரெண்டும் அதை மெல்ல வடிச்சு விட்டுரும்” என்றார். நான் சரி என்றேன். வால்வு ஒன்றின் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்த செவ்வொளியைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். அவர் ஓர் அட்டையில் ஐந்து குறிப்புகள் எழுதி, அதை நூலால் கைப்பிடியில் கட்டினார். நான்காம் குறிப்பு பின்வருமாறு: ‘இந்த ரெண்டு ரெசிஸ்டன்ஸ் படத்தில் கிடையாது. நான் சேர்த்தது. எடுக்க வேண்டாம்.’

வீட்டில் பொருத்தி முதல் நாடாவைப் போட்டபோது, ஓதுபவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டார்.

சுமார் ஒரு மாதம் கழித்து, பாடல் இல்லாத இடைவெளிகளில் வண்டு பறப்பது போன்ற மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கத் தொடங்கியது. நான் வால்வுக்காரரிடம் போகவில்லை. அடித்தகட்டைக் கழற்றி, உறையிட்ட வரைபடத்தையும் உள்ளே இருந்த பாகங்களையும் மூன்று நாட்கள் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினேன். எல்லாம் பொருந்தின, அந்த இரண்டைத் தவிர. அணைத்த பிறகு தொட்டுப் பார்த்தபோது அவ்விரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. மூலத்தில் இல்லாத ஓர் அடி ஏட்டில் காணப்பட்டால் அது பிற்காலத்தார் செருகியது என்று கொள்வதும், அதை நீக்கினால் பாடல் தூய்மை பெறும் என்று நம்புவதும் என் தொழில் எனக்குத் தந்த பழக்கம். கடந்த வியாழக்கிழமை முற்பகலில், வால்வுக்காரரின் அட்டையில் நான்காம் குறிப்பின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘இடைச்செருகல், நீக்குக’ என்று எழுதினேன். பிறகு சிறு வெட்டுக்குறட்டால் அவ்விரண்டு ரெசிஸ்டன்ஸ்களையும் நறுக்கி எடுத்தேன். அட்டையும் ரெசிஸ்டன்ஸ்களும் இப்போது மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. அட்டையில் உள்ள சிவப்பு எழுத்து என்னுடையது.

இரைச்சல் போகவில்லை. போகாததைக் கண்ட பின்னராவது நீக்கியதைத் திரும்ப வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் மைத்துனர், ஸ்பீக்கர்களின் முகப்புக்குத் துணி போர்த்த வந்தார். பழுப்பு நிறத் துணி ஒரு சுருள், கத்தரி, சிறிய ஆணிச் சுத்தியல் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். அப்போது நான் சாப்பாட்டு மேசைமேல் ஆம்ப்ளிஃபயரை அடித்தகடு இல்லாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ஒரு வால்வை மட்டும் விட்டுவிட்டு மற்ற வால்வுகளைக் கழற்றித் துண்டில் வரிசையாக வைத்திருந்தேன். மீட்டரை வைத்து அளந்தேன், முந்நூற்றுத் தொண்ணூறு வோல்ட் காட்டியது. முதலில் மீட்டரின் கம்பிகளை எடுத்தேன். அதன் பிறகு சுவிட்சை அணைத்தேன். அதன் பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து உருவினேன். முதலில் அணைத்துவிட்டுப் பிறகு கம்பிகளை எடுத்திருந்தால், மீட்டரின் முள் இறங்காமல், மின்சாரம் உள்ளேயே நிற்பதைக் கண்டிருப்பேன்.

பத்தரை மணி என் வழிபாட்டு நேரம். நான் எழுந்தபோது மைத்துனர், “மேசை எனக்கு வேணும் அத்தான், துணியை விரிச்சு வெட்டணும். உங்க பெட்டியை அந்தப் பக்கம் வெச்சுரட்டுமா? கடிக்காதே?” என்று கேட்டார். நான், “பிளக்கை உருவியாச்சு மாப்ளே. இனி அது வெறும் தகரம்” என்றேன். அவர், “அப்ப நீங்க போய் நமக்கும் சேர்த்துக் கும்பிடுங்க, எனக்குத்தான் வாயில பாட்டு நிக்காது” என்றார். இவையே அவர் என்னிடம் முழுமையாகப் பேசிய கடைசிச் சொற்கள்.

உள்ளறையில் அமர்ந்து பத்துப் பாடல்களில் ஏழாவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கனமான பொருள் ஒன்று தரையில் விழும் ஓசையும், அதைத் தொடர்ந்து கத்தரி விழும் ஓசையும் கேட்டன. அலறல் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பாடலில் இன்னும் இரண்டு அடிகள் இருந்தன. பாட்டை இடையில் நிறுத்தலாகாது என்பது ஐம்பது ஆண்டுகளாக நான் கைக்கொள்ளும் ஒழுக்கம். அவ்விரண்டு அடிகளையும் சொல்லி முடித்த பிறகே எழுந்தேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அதிகாரி கேட்டார். நேற்று அதே அடிகளைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பதினொரு விநாடிகள்.

கூடத்தில் மைத்துனர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். ஆம்ப்ளிஃபயர் தரையில் குப்புறக் கிடந்தது. அவர் இரு கைகளாலும் அதை அடியில் பிடித்துத் தூக்கியிருக்கிறார் என்பது இரு உள்ளங்கைகளிலும் இருந்த வெண்ணிறத் தீப்புண்களால் தெரிந்தது. என்னைப் பார்த்து “அத்தா…” என்றார். அதன் பிறகு தலை சாய்ந்துவிட்டது. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன், வேறொன்றும் தெரியவில்லை. என் மனைவி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாள் ஓடிவந்து, என்னை விலகச் சொல்லி, அவரைத் தரையில் கிடத்தி மார்பை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் எண்ணிக்கொண்டே அழுத்தினார். என் மனைவியும் கூடவே எண்ணினார். மருத்துவமனையில் இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியதாகவும், நினைவு எப்போது திரும்பும் என்று சொல்ல இயலாது என்றும் மருத்துவர் சொன்னார். இதுவரை திரும்பவில்லை.

அன்று பிற்பகல் அதிகாரி வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரைக் கைப்பற்றினார். அட்டையை நான் அதற்கு முன்பே, வியாழனன்றே, அவிழ்த்து என் அகராதிக்குள் வைத்திருந்தேன். “இதை யாரு ரிப்பேர் பண்ணது?” என்று கேட்டார். வால்வுக்காரரின் கடை இருக்கும் சந்தைச் சொன்னேன். அது உண்மை. அதற்குப் பிறகு யாராவது உள்ளே கை வைத்தார்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வால்வுக்காரரை அழைத்து வந்ததாகவும், மின்சாரத்தை வடிக்கும் ரெசிஸ்டன்ஸ்களைப் பொருத்தியே கொடுத்ததாக அவர் சொன்னதாகவும், மின் ஆய்வாளர் திறந்து பார்த்தபோது அப்படி எதுவும் இல்லாததால் அவர் சொன்னது பொய்யென்று கொள்ளப்பட்டதாகவும் பின்னர் அறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மருத்துவமனைச் சீட்டைக் கொடுப்பதற்காக நான் நிலையத்துக்கு வந்தேன். வால்வுக்காரர் பெஞ்சில் கடைச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “மச்சினர் எப்படி இருக்கார் ஐயா?” என்று கேட்டார். அப்படியே இருக்கிறார் என்றேன். பின்பு அவர் குரலைத் தாழ்த்தி, “நான் போட்டேன்னுதான் ஐயா நினைச்சுட்டிருந்தேன். நேத்திலிருந்து யோசிக்கிறேன். போட்ட மாதிரியும் இருக்கு, வேற யாரோட செட்டுலயோ போட்டுட்டு உங்களோடதுல மறந்த மாதிரியும் இருக்கு. முப்பது வருஷத்துல இப்படி ஆனதில்லை. மறந்திருந்தா மன்னிச்சுருங்க” என்றார். சொல்லும்போது தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான், பழைய வால்வு ரேடியோ ஒன்றை இருபது ஆண்டுகள் நானே திறந்து பார்த்துவந்ததையும், அணைத்துவிட்டு ஒரு நாலடிப் பாடல் சொல்லும் நேரம் பொறுத்துக் கை வைத்தால் ஒரு நாளும் அது கடித்ததில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். “அது பழைய கண்டன்சர் ஐயா. ஓட்டைப் பானை மாதிரி, தானே ஒழுகிடும். நான் போட்டது புதுசு. மணிக்கணக்கா பிடிச்சு வெச்சிருக்கும். அதனாலதானே அந்த ரெண்டும்…” என்று தொடங்கியவர், அதோடு நிறுத்திக்கொண்டார். சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்து அட்டையை எடுத்தேன். என் மனைவி அதை வாங்கிப் படித்தார். சிவப்பு மையைப் பார்த்தார். யாருடைய எழுத்து என்று அவர் கேட்கவில்லை. “ஏங்க, டாக்டர் என்ன சொல்றார்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே. அவன் கண்ணு முழிச்சுட்டா ஒண்ணுமே இல்லாமப் போயிரும். முழிக்கலேன்னா… தம்பியையும் கொடுத்துட்டு உங்களையும் கொடுத்துட்டு நான் இந்த வீட்ல யாரோட பேசறது?” என்றார். நான், “அந்த மனுஷன் தன் கையையே சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருக்காரு” என்றேன். என் மனைவி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அட்டை அவர் கையிலேயே இருந்தது. பால் பொங்கும்வரை நின்றார். அடுப்பை அணைத்துவிட்டு அட்டையை மேசைமேல் வைத்தார்.

இன்று காலை நான் கிளம்பும்போது அவர் என் மாத்திரைகளை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். வழியில் பிரித்துப் பார்த்தேன். காலை மாத்திரைகளோடு இரவு மாத்திரைகளும், நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் உரியவையும் இருந்தன.

வால்வுக்காரர் தாம் செய்ய வேண்டியதைச் செய்தார், வாயாலும் சொன்னார், எழுதியும் கட்டினார். நான் படித்தேன், படித்த பிறகே நீக்கினேன். வாய்மையைப் பற்றிய பாடல்களை ஏழு பதிப்புகளுக்கு ஒப்புநோக்கியவன் நான். திங்கள் முதல் இன்று வரை மூன்று நாட்கள் ஒருவரை என் பிழைக்காகப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். அவரை இப்போதே வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றும், அவர் அவற்றைப் பொருத்தத்தான் செய்தார், மறக்கவில்லை என்பதை அதிகாரி தம் வாயால் அவரிடம் சொல்ல வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இதை எழுதி முடித்ததும் அதிகாரி, “மருத்துவமனையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க ஐயா. அதைப் பொறுத்துத்தான் எந்தச் சட்டப் பிரிவுன்னு முடிவாகும். கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்களேன். உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். அப்போது மணி பதினொன்று முப்பது. என் மைத்துனர் பிழைத்தால் ஒரு விதமாகவும், பிழைக்காவிட்டால் வேறு விதமாகவும் சொல்லக்கூடிய எதுவும் இதில் இல்லை என்று நான் சொன்னேன். எழுத்தர் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசித் தாளைப் படித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி மணி அடித்தது. எழுத்தர் எழப்போனார். ஒரு நிமிடம் பொறுக்கும்படி கேட்டு, பேனாவை அவரிடமிருந்து வாங்கி, இந்தக் கடைசி வரிகளை என் கையாலேயே சேர்த்தேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கையெழுத்திடுகிறேன்.

அக்கடைசி வரிகள் நீங்கலாக, மேலே கண்டவை நான் சொல்ல, எழுத்தர் எழுதியவை. படித்துக் காட்டக் கேட்டேன், புரிந்துகொண்டேன். என் அறிவுக்கும் இறைவன் திருமுன் நிற்கும் என் மனத்துக்கும் தெரிந்தவரை இவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
பிழைதிருத்துநர், ஓய்வு
புதன்கிழமை, முற்பகல் 11.58

என் முன் அளிக்கப்பட்டு, என் முன் கையொப்பமிடப்பட்டது.
நிலைய அதிகாரி